வண்டிக்கு அடியில் கியர் ஆயில் சொட்டுகிறதா?

நேற்று இரவு வண்டி நின்ற இடத்தில் இன்று காலை நாணய அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை. வீட்டில் இருப்பது பழைய ஆம்னி வேன், அல்லது குவாலிஸ், சுமோ, டவேரா, பழைய மாடல் இன்னோவா. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "கியர் பாக்ஸ் சீல் போயிடுச்சு, இறக்கணும்" என்கிறார்கள். உண்மையிலேயே இறக்கத்தான் வேண்டுமா? அதுவரை ஓட்டலாமா? சொட்டுவது எந்த ஆயில், அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பெரிய கருவி ஏதும் இல்லாமல் அந்த இரண்டையும் பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வண்டிகளில் ஏன் இவ்வளவு கசிவு? வயதுதான் முதல் காரணம். குவாலிஸ் 2000-இல் வந்து 2005-இல் நின்றது. அதன் இடத்துக்கு அதே ஆண்டில் இன்னோவா வந்தது. சுமோ 1994-இல் வந்தது. ஆம்னியும் சுமோவும் 2019-இல் தயாரிப்பு நின்ற வண்டிகள். சுழலும் தண்டு பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கு ஆயில் சீல் என்று பெயர். சூட்டிலும் காலத்திலும் அந்த ரப்பர் இறுகி, விளிம்பு தேய்ந்துபோகும். சேலம், நாமக்கல் பக்கத்துக் கோடையில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

அடுத்து, ஆயில் எங்கெங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கியர் பாக்ஸ் என்பது எஞ்சின் சுழற்சியை வேகத்துக்கும் ஏற்றத்துக்கும் தக்கபடி மாற்றித் தரும் பல்சக்கரப் பெட்டி. மேலே சொன்ன வண்டிகள் எல்லாமே பின்சக்கர இழுவை. அதாவது, எஞ்சினுக்குப் பின்னால் கியர் பாக்ஸ், அதிலிருந்து வண்டியின் நடுவே ஒரு நீண்ட தண்டு, அது போய்ச் சேரும் இடம் பின் அச்சு. பின் அச்சின் நடுவில் உருண்டையாகப் புடைத்திருப்பதைத்தான் நம் ஊரில் ஹவுசிங் அல்லது கிரவுன் (சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு) என்கிறோம். கியர் பாக்ஸில் ஒரு ஆயில், கிரவுனில் தனியாக ஒரு ஆயில். இரண்டும் வேறு வேறு பெட்டிகள். ஒன்றில் ஒழுகினால் மற்றதில் குறையாது.

எர்டிகா வைத்திருக்கிறீர்களா? அது முன்சக்கர இழுவை. கியர் பாக்ஸும் சக்கரத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பும் ஒரே பெட்டிக்குள் முன் சக்கரங்களுக்கு இடையில் இருக்கும். கசிவு வந்தால் பெரும்பாலும் சக்கரத்துக்குப் போகும் தண்டு நுழையும் இடத்தில் வரும். பின் அச்சையும் நீண்ட தண்டையும் பற்றி இங்கே வரும் பகுதிகள் உங்களுக்குப் பொருந்தாது, மற்றதெல்லாம் பொருந்தும்.

சரி, கீழே விழுந்திருப்பது கியர் ஆயில்தான் என்று எப்படித் தெரியும்? சமதளமான இடத்தில், எஞ்சின் சூடாக இருக்கும்போதே வண்டியை நிறுத்தி, ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்துவிடுங்கள். முன் டயர் எங்கே இருக்கிறது என்று அட்டையில் ஒரு கோடு போட்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மண் தரையில் கறை பரவி உறிஞ்சப்பட்டுவிடும். அட்டையில் நிறமும் தெரியும், இடமும் தெரியும்.

காலையில் சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக, பிசுபிசுவென்று இருக்கும். புதிதாக ஊற்றியது தேன் நிறம், பழையது கரும்பழுப்பு. எல்லாவற்றையும் விடப் பெரிய அடையாளம் நாற்றம். பல்சக்கரங்கள் அழுத்தத்தில் தேயாமல் இருக்க அதில் கந்தகச் சேர்மானம் கலந்திருப்பார்கள். அதனால் மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக வாடை வரும். ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

டீசல் எஞ்சின் ஆயில் மைக் கறுப்பாக, கியர் ஆயிலை விட நெகிழ்வாக இருக்கும், கந்தக வாடை இருக்காது. பிரேக் ஆயில் தண்ணீர் போல மெல்லியது, நிறம் வெளிர். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் நீர்) கையில் வழவழக்கும், லேசான இனிப்பு வாடை இருக்கும். அது நஞ்சு, நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஏசி ஓடிய பிறகு சொட்டுவது வெறும் தண்ணீர். அதற்குக் கவலையே தேவையில்லை.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் கியர் பாக்ஸ் கசிவு என்றால் சிவப்பு ஆயிலைக் காட்டுவார்கள். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளையும் போனில் "சிவப்பா இருக்கா பாருங்கப்பா" என்பார். அங்கே குடும்ப வண்டிகள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். அந்தக் கியர் பாக்ஸில் ஊற்றும் மெல்லிய ஆயில் பொதுவாகச் சிவப்பு. நம் பழைய வேன்கள் கையால் கியர் போடும் வண்டிகள். அவற்றின் கியர் பாக்ஸில் பொதுவாகச் சிவப்பு இருக்காது.

அப்படியானால் இன்னோவாவுக்கு அடியில் சிவப்பாகச் சொட்டினால்? இரண்டு இடத்தைப் பாருங்கள். குவாலிஸ், இன்னோவா போன்ற வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுவது ஆட்டோமேட்டிக் வண்டிக்கான அந்தச் சிவப்பு ஆயில் வகையைத்தான். டொயோட்டாவின் கூலன்டும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. பிசுபிசுப்பாக இருந்தால் ஸ்டீயரிங், நீர்த்திருந்தால் கூலன்ட். இரண்டுக்கும் போனட்டுக்குள் டப்பா இருக்கிறது. எதில் மட்டம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தாலே விடை வந்துவிடும். கூலன்ட் என்றால் அதே நாளில் கவனியுங்கள், எஞ்சின் சூடேறிவிடும். இன்னோவா கிரிஸ்டாவில் (2016-இல் வந்தது) ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களுக்கு மட்டும் சிவப்புச் சொட்டு கியர் பாக்ஸிலிருந்தும் வரலாம். அதில் ஆயில் மட்டத்தைக் குறிப்பிட்ட சூட்டில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பதால், அதை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

கியர் ஆயில்தான் என்று தெரிந்துவிட்டது. எந்த இடம் என்று எப்படிப் பார்ப்பது? அட்டையில் சொட்டு விழுந்த இடம் தோராயமாகத்தான் சொல்லும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் கியர் பாக்ஸ் வண்டியின் நடுப்பகுதியில் வரும். இன்னோவா, குவாலிஸ், சுமோ, டவேராவில் எஞ்சின் போனட்டுக்குள். கியர் பாக்ஸ் முன் சீட்டுகளுக்குக் கீழே. பின் சக்கரங்களுக்கு நடுவே சொட்டினால் அது கிரவுன்.

ஆனால் வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போகும். எஞ்சினின் பின்பக்கத்தில் கசிந்த ஆயில் கியர் பாக்ஸ் முழுக்கப் பூசிவிட்டு அதன் வால்பக்கத்தில் போய்ச் சொட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கியர் பாக்ஸ் சீலை மாற்றினால் காசுதான் வீண். சொட்டும் இடத்தை விட்டுவிடுங்கள். ஈரம் தெரியும் பகுதியில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறதோ, அங்கேதான் கசிவு தொடங்குகிறது.

இத்தனை வருட அழுக்கில் அது எப்படித் தெரியும்? தெரியாது. அதனால்தான் முதலில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் ராம்ப்பில் ஏற்றி, கியர் பாக்ஸையும் கிரவுனையும் டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். நன்றாகக் காயவைத்துத் துடைத்தபின், சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிடுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். அதன் மேல்நுனிதான் நீங்கள் தேடும் இடம்.

இரண்டு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி நழுவினால் உயிர் போய்விடும். ராம்ப் அல்லது பிட் (கீழே நின்று பார்ப்பதற்கான பள்ளம்) உள்ள இடத்தில் மட்டும் பாருங்கள். இன்னொன்று, நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியை உடனே கழுவக் கொடுக்காதீர்கள். சூடான பெட்டியில் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருக்கும் நீரை இடுக்குகள் வழியாக உள்ளிழுக்கும். அரைமணி நேரமாவது ஆறட்டும்.

இனி ஒவ்வொரு சந்தேகமாகப் போவோம். எதை முதலில் பார்க்க வேண்டும்? செலவே இல்லாததை. அதன் பெயர் பிரீதர் (பெட்டிக்குள் சூடேறும் காற்று வெளியேறும் சிறு துவாரம்). கியர் பாக்ஸின் மேலே ஒன்று, பின் அச்சின் மேலே ஒன்று, சின்னத் தொப்பி போட்டது போல இருக்கும். நம் பக்கம் கிராமச் சாலைப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து அது அடைத்துப்போவது சகஜம். அடைத்தால், வெயிட் அடைத்துக்கொண்ட குக்கரில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும்: உள்ளே அழுத்தம் ஏறி, நன்றாக இருக்கும் சீல் வழியாகவும் ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். சீலை மாற்றுவார்கள், சில வாரத்தில் மறுபடி ஒழுகும், மறுபடி மாற்றுவார்கள். பிரீதரைத் துடைத்து விட்டிருந்தால் முதல் முறையே நின்றிருக்கும். எந்தச் சீலுக்கும் காசு கொடுப்பதற்கு முன், "பிரீதர் பார்த்தீங்களாண்ணே?" என்று கேளுங்கள்.

ஆயிலை அதிகமாக ஊற்றியிருந்தாலும் இதே கதைதான். கியர் பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு லெவல் நட் (ஆயில் நிரப்பவும் மட்டம் பார்க்கவும் உள்ள போல்ட்) இருக்கும். சமதளத்தில் அதைக் கழற்றினால், துவாரத்தின் கீழ்விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். விரலை உள்ளே விட்டு வளைத்தால் விரல்நுனியில் தொட வேண்டும். கழற்றியதும் குபுகுபுவென்று கொட்டினால் அதிகம். விரலுக்கு எட்டவே இல்லையென்றால் குறைவு. இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஆயிலை மாற்றும்போது ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் மேலே உள்ள லெவல் நட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழே உள்ள டிரெயின் நட்டை (ஆயிலை வடிக்கும் போல்ட்) திறக்க வேண்டும். பழைய வண்டியில் லெவல் நட் துருப்பிடித்து இறுகியிருக்கும். கீழே திறந்து ஆயிலையெல்லாம் வடித்துவிட்டு, மேலே திறக்க முடியவில்லை என்றால் வண்டியை அங்கிருந்து நகர்த்த முடியாது.

டிரெயின் நட்டைச் சுற்றி மட்டும் ஈரமா? அதன் வாஷர் நசுங்கியிருக்கும். சில ரூபாய் வேலை. சில வண்டிகளில் ரிவர்ஸ் லைட் சுவிட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகியவை கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்திலும் சின்ன ரப்பர் வளையம் இறுகிக் கசியும். அதற்கும் கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

கியர் பாக்ஸின் வால்பக்கம், நீண்ட தண்டு நுழையும் இடத்தில் ஈரமாக இருந்தால் பின் சீல். பழைய வேன்களில் கசிவைத் தேடும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. தண்டைக் கழற்றினால் சீல் கைக்கு வந்துவிடும். பெட்டியை இறக்க வேண்டாம். ஆனால் சீலை மாற்றும் முன் தண்டின் நுனியைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்திருக்கிறது. கிராஸ் (தண்டு மடங்கித் திரும்ப உதவும் சிலுவை வடிவ இணைப்பு) தளர்ந்திருந்தாலும் தண்டு அதிர்ந்துகொண்டே சுற்றும். அந்த ஆட்டம்தான் சீலின் விளிம்பைத் தின்றது. அதைச் சரிசெய்யாமல் போடும் புதுச் சீலையும் தின்னும். சீல் உட்காரும் இடத்தில் தண்டின் மேல் வரிபோலப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் நகத்தால் தடவிப் பாருங்கள். விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட வேண்டும், அல்லது அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்.

இந்த விஷயத்தில் சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நாமக்கல் லாரி, சங்ககிரி லாரி, திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டி என்று கனரக வாகனத் தொழிலே இங்கே வேரூன்றியிருப்பதால் நல்ல லேத்தும் அனுபவமுள்ள கைகளும் பக்கத்திலேயே கிடைக்கும். பழைய வண்டிக்குக் கம்பெனிச் சீல் கிடைக்கவில்லை என்றாலும், பெரும்பாலான சீலின் முகப்பிலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சிட்டிருக்கும். அந்த அளவைச் சொன்னால் நல்ல ஆயில் சீல் கடையில் எடுத்துத் தருவார்கள். ஆகவே பழைய சீலைக் கழற்றியதும் தூக்கிப்போட விடாதீர்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில், அடிப்பக்கத்தில் சொட்டினால்? இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் செலவு அதிகம். அந்த ஒரே இடத்தில் மூன்று வெவ்வேறு ஆயில்கள் சொட்டலாம். கந்தக வாடையோடு கெட்டியாக இருந்தால் கியர் பாக்ஸின் முன் சீல். மைக் கறுப்பாக இருந்தால் எஞ்சினின் பின் சீல். மெல்லியதாக, வெளிர் நிறமாக இருந்து, போனட்டுக்குள் உள்ள கிளட்ச் ஆயில் டப்பாவில் மட்டமும் இறங்கியிருந்தால், கிளட்ச்சைத் தள்ளும் சிலிண்டர் கசிகிறது. பல வண்டிகளில் அது வெளியே பொருத்தியது, பெட்டியை இறக்காமலே மாற்றலாம். ஆம்னியில் கிளட்ச் கேபிளில் இயங்குவது என்பதால் இந்த மூன்றாவது சந்தேகம் இல்லை.

முன் சீல் அல்லது எஞ்சின் பின் சீல் என்றால் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். சீலின் விலை சிறியது, இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. ஆகவே இறக்கியது இறக்கியபடி இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள். கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அவற்றையும் அப்போதே மாற்றுவது நல்லது. ஆறு மாதத்தில் மறுபடி ஒரு கூலி கொடுக்காமல் தப்பிக்கலாம். இந்தக் கசிவைத் தள்ளிப்போட்டால் ஆயில் கிளட்ச் பிளேட்டில் படும். ஏற்றத்தில் எஞ்சின் இரைச்சல் ஏறும், வண்டி ஏறாது, கருகிய வாடை வரும். அந்த நிலைக்கு வந்த பிளேட்டைக் காப்பாற்ற முடியாது.

அடுத்தது பின் அச்சு. கிரவுனின் முன்முகத்தில், தண்டு சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் அது பினியன் சீல். அதற்குள் உள்ள நட்டைக் குறிப்பிட்ட இறுக்கத்தில் முடுக்க வேண்டும். கை உரத்துக்கு முடுக்கினால் பேரிங் கெட்டு, கிரவுன் ஊளையிட ஆரம்பிக்கும். பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பின் அச்சின் இரு நுனியிலும், சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒவ்வொரு சீல் இருக்கிறது. அது போனால் ஆயில் தரையில் சொட்டுவதற்கு முன் பிரேக் டிரம்முக்குள் போகும். ஆம்னி, குவாலிஸ், சுமோ, டவேரா, பழைய இன்னோவா எல்லாவற்றிலும் பின்பக்கம் டிரம் பிரேக். டிரம்மைக் கவ்விப் பிடிக்க வேண்டிய லைனரில் கியர் ஆயில் ஊறினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் வண்டி இழுக்கும். கை பிரேக்கும் அதே லைனர்களைத்தான் நம்பியிருக்கிறது. அதுவும் சரியாகப் பிடிக்காது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டில் 20. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது இது தெரியவந்தால் அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? பின் சக்கரத்தின் உள்பக்கத்தை, டயரின் உள்சுவரை, டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். டார்ச் அடித்துக் குனிந்தால் தெரியும். எண்ணெய் வழிந்த கோடோ, புழுதி அப்பிய பிசுக்கோ இருந்தால் டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கந்தக வாடை அடித்தால் அச்சு சீல். வாடை இல்லாமல் மெல்லியதாக இருந்தால் பிரேக் சிலிண்டர் கசிகிறது. இரண்டுமே உடனே செய்ய வேண்டிய வேலை.

"லைனரைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்துப் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். லைனர் ஆயிலை உள்ளே உறிஞ்சி வைத்திருக்கும். பிரேக் சூடேறியதும் அது மேலே கசிந்து வரும். இரண்டு பக்கமும் புதிய லைனர்தான் போட வேண்டும். வண்டி விஷயத்தில் வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம், இதில் பார்க்காதீர்கள்.

மற்ற கசிவுகளோடு வண்டியை ஓட்டலாமா? வெறும் ஈரம் படிந்து, அட்டையில் சொட்டே விழவில்லையென்றால் தாராளமாக ஓட்டலாம். பழைய வண்டியில் லேசான கசிவு இருப்பது இயல்பு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை லெவல் நட்டைக் கழற்றி மட்டம் பாருங்கள், போதும். இரவுக்குச் சில சொட்டு விழுந்தால், மட்டத்தை நிரப்பிவிட்டு அந்த மாதத்துக்குள் வேலையை முடியுங்கள். சொட்டுகள் சேர்ந்து சிறு குளமாகத் தேங்கினால் வண்டியை எடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கியர் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. எஞ்சின் ஆயிலுக்கு இருப்பது போல உருவிப் பார்க்கும் குச்சியும் பொதுவாகக் கிடையாது. இந்தப் பெட்டிகளில் இருப்பதே ஒன்று முதல் மூன்று லிட்டருக்குள்தான். அதில் அரை லிட்டர் போனால் பெரிய இழப்பு. மலை ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்கிக்கொள்ளும், ஆயில் பின்பக்கமாகச் சாயும், முன்பக்கப் பேரிங்குகள் காய்ந்தபடி சுற்றும். நேர்ச்சாலையிலும் நிம்மதி இல்லை: பல வண்டிகளில் ஐந்தாம் கியர் பெட்டியின் பின்கோடியில் இருக்கிறது, ஆயில் குறைந்தால் முதலில் அடிபடுவதும் பெரும்பாலும் அதுதான். நாமக்கல்லிலிருந்து சேலம் வரை நான்குவழிச் சாலையில் நீங்கள் போட்டு ஓட்டுவது அந்த ஐந்தாம் கியரைத்தான்.

ஒரு கியரில் மட்டும் புதிதாக ஊளைச் சத்தம், கியர் விழும்போது கரகரப்பு, போட்ட கியர் தானாக விடுபடுதல் ஆகிய மூன்றும் ஆயில் குறைந்து உள்ளே தேய்மானம் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். சத்தம் வந்த பிறகு ஆயில் ஊற்றினால் தேய்ந்த பல் திரும்ப வளராது. சீலுக்கு ஆகும் செலவையும் பேரிங், பல்சக்கரம் மாற்றும் செலவையும் ஒப்பிடவே முடியாது.

எந்த ஆயிலை ஊற்றுவது? வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதை. லாரிக்குப் பழகிய கைகள், "90 கசிஞ்சா 140 ஊத்திடலாம், கெட்டியா நிக்கும்" என்று சொல்லலாம். 90, 140 என்பவை ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்கள். கிழிந்த சீல் வழியாக 140-உம் ஒழுகும், கொஞ்சம் மெதுவாக ஒழுகும், அவ்வளவுதான். காலையில் கியர் எளிதில் விழாது, கியர்களின் வேகத்தை ஒன்றிணைக்கும் பித்தளை வளையங்கள் சீக்கிரம் தேயும். ஆயில் டப்பாவில் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். ஜி.எல்-5 கிரவுனின் கடும் அழுத்தத்துக்காக வந்தது, சில ஜி.எல்-5 ஆயில்களில் உள்ள கூடுதல் சேர்மானம் அந்தப் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். புத்தகம் ஜி.எல்-4 மட்டும் என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். இரண்டும் ஆகும் என்றால் கவலையில்லை.

கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் மருந்து? இறுகிய ரப்பரைக் கொஞ்ச நாளைக்கு ஊறவைத்து உப்பவைக்கும். கிழிந்த சீலை ஒட்டாது, தேய்ந்த புஷ்ஷைச் சரிசெய்யாது. அந்தக் காசைச் சீலுக்குப் போடுங்கள்.

வடித்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் இறக்கி ஓட்டிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். புது ஆயில் ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடியும் ஒரு முறை மாற்றுங்கள். பினாயில், டீசல் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். வடித்த ஆயிலில் சின்ன உலோகத் துணுக்குகள் மினுங்கினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டிரெயின் நட்டின் காந்தத்தில் மாவுபோலக் கொஞ்சம் ஒட்டியிருப்பது மட்டும் இயல்பு.

வடித்த கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ வயல் ஓரத்திலோ ஊற்றாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயிலுக்கென்று பீப்பாய் வைத்திருப்பார்கள், அதில் சேர்த்துவிடுங்கள். கிணற்றையும் போர்வெல்லையும் நம்பிக் குடிக்கும், பயிர் செய்யும் ஊர் நம்முடையது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது அட்டையையும் பவுடர் நனைந்த இடத்தின் போட்டோவையும் கையில் கொண்டுபோங்கள். "ஆயில் லீக் ஆகுது, பாருங்க" என்று மட்டும் சொன்னால் எதை வேண்டுமானாலும் கழற்றுவார்கள். "வால்பக்கச் சீல்ல ஆரம்பிக்குது, பிரீதர் சுத்தமா இருக்கு, மட்டம் இவ்வளவு இறங்கியிருக்கு" என்று சொன்னால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். வேலை முடிந்து நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் மறுபடி பவுடர் தூவிப் பார்க்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த வார இறுதியில் மலைக்குப் போவதாக இருந்தால், மற்ற சோதனைகளுக்கு நேரம் இல்லாவிட்டாலும் பின் சக்கரங்களின் உள்பக்கத்தை மட்டுமாவது டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். அங்கே ஈரம் இருந்தால் மலைப்பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.